மேசைக்கு அடியில் படுப்பது யார்?

"வளர்ந்த மனுஷங்க பொம்மை ரயில் விடறதுக்கு ஒரு கிளப்பா?" என்று கேட்பவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். இந்தக் கட்டுரையின் சண்டை அவர்களோடு இல்லை. கிளப்புக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு கிளப்பைக் கெடுப்பவர்களோடுதான் சண்டை.

யார் அவர்கள்? தண்டவாளம் போட்ட மறுநாளே மலைக்குப் பச்சை பெயிண்ட் அடிக்க பிரஷ்ஷும் கையுமாக வந்து நிற்பவர்கள். போட்டோ என்றால் முன்வரிசை. வயரிங் என்றால், "நமக்கு எலெக்ட்ரிகல் எல்லாம் வராதுப்பா" என்று நைசாக நழுவல். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று சும்மாவா சொன்னார்கள்!

ஒரே தட்டில், ஒரு மேசை அளவில் கட்டும் மாடல் ரயில் லேஅவுட்டில் இவர்களை வைத்துக்கொண்டு எப்படியோ சமாளித்துவிடலாம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு, மூன்று அடுக்கு கட்டும் லேஅவுட்டில் முடியவே முடியாது. அங்கே மலைக்குப் பெயிண்ட் அடிப்பவரும் மேசைக்கு அடியில் படுத்துக் கம்பி பற்றவைப்பவரும் வேறு வேறு ஆட்களாகவே கடைசிவரை இருந்தால், அந்த லேஅவுட் ஓடாது. இது நியாயம் அநியாயம் பற்றிய பேச்சு மட்டும் இல்லை. கணக்கே அப்படித்தான் சொல்கிறது.

எதற்கு அடுக்கு?

மாடல் ரயிலில் மிகவும் பரவலான அளவு எச்.ஓ. நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மி.மீ. நிஜத்தில் ஒரு கிலோமீட்டர் என்றால் இதில் பதினொன்றரை மீட்டர். "அவ்வளவுதானா?" என்று தோன்றும். ஆனால் ஊருக்கு ஊர் ரயில் விடவேண்டும் என்றால் இது பூதமாகிவிடும்.

கலிஃபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து தெஹாச்சாபி மலையேறி மொஹாவி போகிற பாதை சுமார் 110 கி.மீ. அதை எச்.ஓ. அளவில் அப்படியே கட்டினால் ஒன்றேகால் கிலோமீட்டர் தண்டவாளம் வேண்டும். எந்த ஹாலில் போடுவது? சான் டியாகோவில் பால்போவா பூங்காவுக்குள் இருக்கும் மாடல் ரயில் அருங்காட்சியகத்தில், லா மேசா கிளப்காரர்கள் இந்தத் தெஹாச்சாபி பாதையைத்தான் பல பத்தாண்டுகளாகக் கட்டி ஓட்டுகிறார்கள். தூரத்தைச் சுருக்கி, மடித்து, கீழே ஓர் அடுக்கு, மேலே ஓர் அடுக்கு என்று ஏற்றித்தான் கட்ட வேண்டியிருக்கிறது. அதே அறை, அதே வாடகை, ஆனால் ரயில் ஓடும் தூரம் இரண்டு மடங்கு. அடுக்கு கட்டுவதன் ஆசை இதுதான். (கீழே வரும் வசவுகள் எதுவும் லா மேசாக்காரர்களுக்கு இல்லை. உதாரணத்துக்கு மட்டுமே அவர்கள்.)

சுருளுக்குள் ஒரு கணக்கு

கீழடுக்கிலிருந்து மேலடுக்குக்கு ரயில் எப்படிப் போகும்? லிஃப்டா? பெரும்பாலான கிளப்புகள் கட்டுவது ஹீலிக்ஸ் என்கிற சுருள் பாதை. மாடிக்குச் சுற்றிச்சுற்றி ஏறும் இரும்புப் படிக்கட்டு மாதிரி, பிளைவுட் வளையங்களின் மேல் தண்டவாளம் சுற்றிச்சுற்றி ஏறும்.

வளையத்தின் ஆரம் 75 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று 4.7 மீட்டர். ஒவ்வொரு சுற்றும் 10 செ.மீ.யாவது உயரவேண்டும், இல்லாவிட்டால் மேலே இருக்கும் பிளைவுட்டில் ரயில் தலை இடிக்கும். அப்படியானால் ஏற்றம் நூற்றுக்கு இரண்டுக்குக் கொஞ்சம் மேல். நிஜ மலைப்பாதையில் இருக்கும் ஏற்றம்தான். ஆனால் இங்கே சுற்று முழுக்க வளைவு, அந்த உராய்வு தனி. "இடம் இல்லை, ஆரத்தை 60 ஆக்கிடலாம்" என்று யாராவது சொன்னால் ஏற்றம் 2.6-ஐத் தாண்டும். நீளமான ரயிலின் நடுப்பெட்டிகள் வளைவின் உட்பக்கம் இழுக்கப்பட்டுச் சாயும்.

இரண்டு அடுக்குக்கும் நடுவே 40 செ.மீ. இடைவெளி என்றால் நான்கு சுற்று. கிட்டத்தட்ட 19 மீட்டர் தண்டவாளம். 87-ஆல் பெருக்கினால் 1.6 கி.மீ.க்கு மேல். அளவுக்கேற்ற 40 கி.மீ. வேகத்தில் போகும் ரயில் இரண்டரை நிமிடம் யார் கண்ணுக்கும் தெரியாமல் அதற்குள் சுற்றும். அந்த 19 மீட்டரில் மரம் கிடையாது, வீடு கிடையாது, குட்டி ஸ்டேஷன் மாஸ்டர் பொம்மை கிடையாது. ஒரு பயலும் போட்டோ எடுக்கமாட்டான். ஆனால் அதில் ஓர் இணைப்பில் அரை மில்லிமீட்டர் பிசகினால் மேலடுக்கு முழுவதும் வெறும் அலங்காரம்.

இன்னும் இருக்கிறது. வளையும் தண்டவாளம் சுமார் 90 செ.மீ. துண்டுகளாகத்தான் கடையில் வரும். துண்டுகளை இணைக்கும் ஜாயினர்கள் நாளாக நாளாகத் தளர்ந்து, கறுத்து, மின்சாரத்தைக் கடத்தாமல் மக்கர் பண்ணும். அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக ஒயர் கொடுப்பது நல்ல வழக்கம். 21 துண்டு, துண்டுக்கு இரண்டு தண்டவாளம், ஆக 42 ஒயர். ஒவ்வொன்றிலும் மேலே ஒரு பற்று, கீழே பிரதான ஒயரோடு ஒரு பற்று. மொத்தம் 84 சால்டரிங். இது ஒற்றைப் பாதைக்கு. இரட்டைப் பாதை என்றால் 168.

ஒன்றே ஒன்றில் ஒயரை இடம் மாற்றிக் கொடுத்தால்? இன்றைக்குப் பெரும்பாலான கிளப்புகள் டிஜிட்டல் கட்டுப்பாட்டில்தான் ஓட்டுகின்றன. அமெரிக்காவில் 1935-ல் தொடங்கிய தேசிய மாடல் ரயில் சங்கம் 1990களில் அதற்குத் தர விதிகள் வகுத்தது. மின்சாரமும் இன்ஜினுக்கான கட்டளையும் அதே இரண்டு தண்டவாளத்தில் சேர்ந்தே போகும். எங்காவது ஷார்ட் ஆனால் அந்த மின்பகுதியில் ஓடும் அத்தனை ரயிலும் ஒரே நேரத்தில் நிற்கும். ஒருவர் செய்த பிழைக்குப் பத்துப் பேர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள்.

கீழடுக்கின் வானம்

பல அடுக்கில் இன்னொரு சங்கடம் உண்டு. மேலடுக்கின் அடிவயிறுதான் கீழடுக்கின் வானம். மேலே ரயிலைப் பிரித்து அனுப்பும் பாயிண்ட்டை நகர்த்தும் மோட்டார் எங்கே இருக்கும்? மேலடுக்குப் பலகைக்கு அடியில், அதாவது கீழே இருக்கும் ஊரின் ஆகாயத்தில். அங்கேதான் ஒயர் கட்டுகளும், கீழடுக்குக்கான எல்இடி விளக்குகளும். மேலே சால்டர் வைத்தால் ஈயம் கீழே சொட்டும். கீழே என்ன இருக்கிறது? போன மாதம் ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒருவர் நட்டுவைத்த பைன் மரக்காடு.

அதனால் வேலையின் வரிசை தானாகவே தீர்மானமாகிவிடுகிறது. முதலில் இரண்டு அடுக்குக்கும் மரச்சட்டம். பிறகு மேலடுக்கின் தண்டவாளம், வயரிங், பாயிண்ட் மோட்டார், விளக்கு. பிறகு கீழடுக்கின் தண்டவாளமும் வயரிங்கும். வாரக்கணக்கில் வெறும் பிளைவுட்டின் மேல் ரயிலை ஓட்டிப் பார்க்கவேண்டும். எங்கே தடம் புரள்கிறதோ அங்கே சரி செய்யவேண்டும். கடைசியில்தான் பிளாஸ்டர், பெயிண்ட், மரம், மட்டை எல்லாம்.

பெயிண்ட் பிரஷ் கோஷ்டிக்கு இந்த வரிசை வேப்பங்காய். "பொதுமக்கள் பார்க்க வர்ற நாள் கிட்ட வந்துடுச்சு. வெறும் பலகையையா காட்டறது? கீழே ஒரு பக்கமாவது முடிச்சுடலாம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். முடித்துவிடுவார்கள். கூட்டம் வரும், ஆகா ஓகோ என்று போகும். மறுவாரம் மேலடுக்கு வயரிங்குக்கு ஒருவர் உள்ளே நுழைய வேண்டும். முழங்கையை எங்கே ஊன்றுவது? புது மலை மேலா? "ஐயோ, பார்த்துப்பா!" என்று அலறல். அன்றோடு மேலடுக்கு நின்றுபோகும். பிறகு வருஷக்கணக்கில் அது சட்டமாகவே நிற்கும்.

"அவரவருக்கு வந்ததை அவரவர் செய்யட்டுமே?"

எதிர்த்தரப்பின் வாதங்களிலேயே பலமானது இதுதான். கலைக்கண் உள்ளவர் மலை செய்யட்டும், எலெக்ட்ரிகல் தெரிந்தவர் வயரிங் செய்யட்டும். உலகம் முழுக்க அப்படித்தானே நடக்கிறது?

இதற்குப் பதில் நியாயத்திலிருந்து வரவில்லை, பிளானிலிருந்து வருகிறது. மேசைக்கு அடியில் ஒருநாளும் படுக்காதவர் போடும் பிளானைப் பாருங்கள். குகைக்கு நட்டநடுவில் ஒரு பாயிண்ட் வைப்பார். அதற்குள் கைவிட ஒரு திறப்பு வைக்கமாட்டார். பலகையைச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் அகலத்துக்கு இழுப்பார், மனிதன் கை முக்கால் மீட்டருக்கு மேல் எட்டாது என்று அவருக்குத் தெரியாது. மேலடுக்கையும் கீழடுக்கையும் ஒரே அகலத்தில் வைப்பார், கீழே எட்டிப் பார்ப்பவர் நெற்றி இடிக்கும். இவையெல்லாம் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. வலி தெரியாததால் செய்வது. தான் கட்டிய மலைக்கு அடியில் தானே மல்லாந்து படுத்து, சொட்டும் ஈயம் சட்டையில் விழ நான்கு ஒயர் பற்றவைத்தவர், அடுத்த மலையில் கண்டிப்பாகக் கைவிடத் திறப்பு வைப்பார். யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"வராது" என்பதும் சும்மா. ஒயரின் தோலைச் சீவி, தண்டவாளத்தின் பக்கவாட்டில் வைத்து, சூடு காட்டி ஈயம் ஓடவிடுவது ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொள்ளும் வித்தை. தண்டவாள அகலம் சரியா என்று பார்க்க அந்தத் தேசியச் சங்கமே கையடக்கமாக ஓர் உலோகத் தகடு செய்து விற்கிறது. அதை வைத்துப் பார்க்கக் கலைக்கண் உள்ளவருக்கும் இரண்டு கண் போதும் :-)

அடுத்த வாதம்: "பார்க்க வருகிறவர்கள் பார்ப்பது காட்சியைத்தானே? அந்தக் காசில்தானே வாடகை?" உண்மை. மலையும் ஊரும் இல்லாவிட்டால் அது ரயில் இல்லை, மின்சார சர்க்யூட். பிரஷ்காரர்களின் உழைப்பு கேலிக்குரியது இல்லை. ஆனால் ஓடாத ரயிலுக்கு முன்னால் கூட்டம் எத்தனை நேரம் நிற்கும்? கோபுரத்து பொம்மையும் அழகுதான். கோபுரத்தைத் தான்தான் தாங்குகிறோம் என்று அது நினைக்கும்போதுதான் பிரச்னை.

அடியில் படுத்தவர்களின் கதை

அமெரிக்காவில் எம்ஐடி கல்லூரியில் 1946-ல் ஒரு மாடல் ரயில் கிளப் தொடங்கியது. ஸ்டீவன் லெவி 1984-ல் எழுதிய 'ஹேக்கர்ஸ்' புத்தகத்தின் ஆரம்பமே இந்தக் கிளப்தான். அங்கேயும் இரண்டு கோஷ்டி. ஒன்று, பெட்டிக்குப் பெயிண்ட் அடித்து ஊர் கட்டும் கோஷ்டி. இன்னொன்று 'சிக்னல்ஸ் அண்ட் பவர்' குழு. தொலைபேசி நிலையத்து ரிலேக்களையும் ஸ்விட்சுகளையும் வைத்து, மேசைக்கு அடியில் பல ரயில்களைத் தனித்தனியாக ஓட்டும் அமைப்பைக் கட்டியவர்கள் இவர்கள்.

ஹேக் என்ற சொல் இன்றைய கம்ப்யூட்டர் அர்த்தத்துக்கு வந்து சேர்ந்த வழியில் இந்தக் கிளப் ஒரு முக்கியமான இடம். அதன் உறுப்பினர் பீட்டர் சாம்சன் 1959-ல் தொகுத்த கிளப் அகராதியிலேயே அந்தச் சொல் இருக்கிறது. 1962-ல் பிடிபி-1 கம்ப்யூட்டரில் ஓடிய 'ஸ்பேஸ்வார்' விளையாட்டை உருவாக்கியதில் இந்தக் கிளப்காரர்களுக்குப் பெரிய பங்கு. மேசைக்கு அடியில் ரிலேக்களோடு மல்லுக்கட்டியவர்கள் அங்கிருந்து நேராகக் கம்ப்யூட்டருக்குப் போனார்கள். அடிவயிற்று வேலை எடுபிடி வேலை என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

இன்னொரு பெரிய மனிதர். பாடகர் ராட் ஸ்டூவர்ட் லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டில் 23 வருடங்களாகக் கட்டிய பிரமாண்டமான அமெரிக்க நகர லேஅவுட்டை 2019-ல் வெளியுலகுக்குக் காட்டினார். "இவரே கட்டியிருப்பாரா?" என்று ரேடியோவில் சந்தேகம் கிளம்பியதும் தானே போன் போட்டுச் சண்டைக்கு வந்தார். சுமார் 90 சதவீதம் தானே கட்டியதாகவும், எலெக்ட்ரிகல் மட்டும் தனக்கு வராததால் வேறொருவர் செய்ததாகவும் சொன்னார். பொய் சொல்லாமல் ஒப்புக்கொண்டாரே, அதற்கே ஒரு சலாம். ஆனால் அந்த மிச்ச 10 சதவீதம் இல்லாவிட்டால் 90 சதவீதமும் நகராது. அந்த வேறொருவர் யார்?

அடியில் இருப்பவர்களுக்கும் ஒரு குட்டு

நியாயமாகப் பேசவேண்டும் என்றால் வயரிங் புலிகளையும் விடக்கூடாது. "இந்த ஒயர் எங்க போகுதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்" என்று மீசை முறுக்குகிறவர் ஒவ்வொரு கிளப்பிலும் உண்டு. ஒயருக்கு நிறம் கிடையாது, லேபிள் கிடையாது, வரைபடம் கிடையாது. எல்லாம் அவர் மண்டைக்குள். ஒருநாள் அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைக்கும், அல்லது உடம்புக்கு முடியாமல் போகும். மிச்சமிருப்பது ஒரு கூடை நூடுல்ஸ். அதைப் பிரித்துப் பார்ப்பதைவிட வெட்டி எறிவது சுலபம் என்று முடிவாகும். இவரும் கிளப்பைக் கெடுப்பவர்தான், வேறு வழியில்.

ஒரே ஆளோடு முடிந்துபோவது எப்படி இருக்கும் என்பதற்கு ஜான் ஆலன் சாட்சி. கலிஃபோர்னியாவில் மான்டெரியில் தன் வீட்டு நிலவறையில் தரையிலிருந்து கூரை வரை மலைகளாக எழுப்பிய அவருடைய லேஅவுட் இந்தத் துறையிலேயே மிகப் புகழ்பெற்ற ஒன்று. 1973 ஜனவரியில் அவர் இறந்தார். அடுத்த சில நாட்களிலேயே தீப்பிடித்து லேஅவுட்டும் போனது. யார் தப்பும் இல்லை, துரதிர்ஷ்டம். இருந்தாலும் எம்ஐடி கிளப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். போர்க்காலத்தில், 1943-ல், தற்காலிகமாகக் கட்டிய மரக் கட்டிடத்தில்தான் அவர்கள் லேஅவுட் இருந்தது. 1998-ல் அந்தக் கட்டிடத்தையே இடித்தார்கள். கிளப் வேறு இடத்துக்குப் போய் முதலிலிருந்து கட்ட ஆரம்பித்தது. மரமும் பிளாஸ்டரும் போனாலும், எப்படிக் கட்டுவது என்பது பல பேர் கையில் இருந்தது.

ப்ராஜெக்ட் மக்களுக்கும் சேர்த்து

அமெரிக்காக்காரன் பொம்மை ரயில் கதை நமக்கெதற்கு என்று இன்னும் யாராவது முனகிக்கொண்டிருந்தால், இன்ஜினியரிங் காலேஜ் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை நினைத்துக்கொள்ளட்டும். நாலு பேர் டீம். ஒருவன் கோடு எழுதுவான், சர்க்யூட்டை ஓடவைப்பான், விடியவிடிய விழித்திருப்பான். இன்னொருவன் பவர்பாயிண்ட்டில் கலர் மாற்றுவான். வைவா அன்றைக்கு முன்னால் நின்று பேசுவது யார் என்று எல்லோருக்கும் தெரியும். எக்ஸாமினர் ஒரு சின்னக் கேள்வி கேட்டதும் மூன்று தலைகள் ஒரே பக்கம் திரும்புமே, அதுதான் கைவிடத் திறப்பில்லாத குகை.

என்ன செய்யலாம்?

திட்டினால் போதாது, வழியும் சொல்லவேண்டும். பல அடுக்கு கட்டப் புறப்படும் கிளப் முதல் பலகை வாங்கும் முன்பே ஐந்து விதி எழுதிச் சுவரில் ஒட்டட்டும்.

ஒன்று: எந்த மலையை யார் கட்டினாலும், அதன் அடியில் ஓடும் பாதையின் ஒயர்களில் சிலவற்றையாவது அவரே பற்றவைக்க வேண்டும். பக்கத்தில் தெரிந்தவர் நின்று சொல்லித்தரட்டும்.

இரண்டு: வயரிங் ஆளும் ஒரு மரமாவது நடவேண்டும். தன் ஈயம் எதன்மேல் சொட்டுகிறது என்று அவருக்கும் தெரியட்டும்.

மூன்று: நிறமும் லேபிளும் வரைபடமும் இல்லாத ஒயருக்கு மின்சாரம் கிடையாது. எவ்வளவு பெரிய புலியாக இருந்தாலும் சரி.

நான்கு: சுருளுக்குள் முழுநீள ரயில் ஏறியும் இறங்கியும் ஒரு மணி நேரம் தடம் புரளாமல் ஓடும்வரை பிளாஸ்டர் மூட்டையைப் பிரிக்கக்கூடாது. பார்வையாளர் நாள் வந்தால் வெறும் பலகையையே காட்டுங்கள். சின்னப் பையன்களுக்கு மூடிய மலையைவிடத் திறந்த சுருள்தான் பிடிக்கும்.

ஐந்து: புதிதாகச் சேர்கிற பொடியனை அடியிலேயே போட்டு மறந்துவிடக்கூடாது. ரயில் ஓட்டும் நாளில் முதல் ரயிலின் கட்டுப்பாடு அவன் கைக்குத்தான்.

கடைசியாக நிஜத் தெஹாச்சாபியைப் பற்றி ஒரு விஷயம். அங்கே பாதை ஒரு குன்றைச் சுற்றி வளைந்து, தன் தலைக்கு மேலேயே 23 மீட்டர் உயரத்தில் தாண்டிப் போகிறது. 1876-ல் முடிந்த வேலை. நீளமான சரக்கு ரயில் வந்தால் அதன் இன்ஜின் தன் வால்பெட்டிகளுக்கு மேலே போவதைப் பார்க்கலாம். சுருளுக்கெல்லாம் பாட்டன் அது. பக்கத்தில் கலிஃபோர்னியா அரசின் நினைவுக்கல் ஒன்று உண்டு. அதில் இன்ஜினியர் வில்லியம் ஹூட்டின் பெயர் இருக்கிறது. வெடிமருந்தும் கைக்கருவிகளுமாக அந்த மலையைக் குடைந்த ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்களில் ஒருவர் பெயர்கூட அதில் இல்லை.

அந்தப் பாதையைச் சிறிதாக்கிக் கட்டுகிறவர்கள் குகையைக் கட்டட்டும், வளையத்தைக் கட்டட்டும், ஒவ்வொரு ஸ்லீப்பர் கட்டையையும் எண்ணி வைக்கட்டும். நினைவுக்கல்லையும் அதே மாதிரி செய்ய வேண்டிய அவசியம் இல்லை. தங்கள் லேஅவுட்டின் பெயர்ப்பலகையில் மலை கட்டியவர் பெயருக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில், ஒயர் பற்றவைத்தவர் பெயரையும் எழுதட்டும். பலகையில் அதற்கு இடம் இருக்கிறது.